பை நிறையப் பேனா... குரல் நிறையத் தேன்!

செப்டம்பர் 22-ம் தேதி சாயங்காலம் ஆனால் போதும்... மயிலாப்பூரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடிக்கு ஆள் சேர ஆரம்பித்துவிடும். ஒரு ஜமக்காளம், ஒரு பழைய ஆர்மோனியம், பெரிய ஃபிளாஸ்க்கில் காபி, தூக்கு நிறையச் சுண்டல். இந்தக் கூட்டத்துக்குச் சங்கம் என்று பெயர் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் கிடையாது. அதனால் சண்டையும் கிடையாது!

சட்டம் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு பி.பி.ஸ்ரீநிவாஸ் பாட்டு மட்டும்தான் பாடலாம். அது அவர் பிறந்த நாள். தப்பித் தவறி யாராவது டி.எம்.எஸ். பாட்டை எடுத்துவிட்டால், அடுத்த ரவுண்டு காபிச் செலவு அவருடையது.

"அப்போ ‘பலே பாண்டியா’ அத்திக்காய் பாட்டு?" என்று ஒருத்தர் ஒரு வருஷம் சட்டப் பிரச்னை கிளப்பினார். டி.எம்.எஸ்., பி.பி.எஸ்., சுசீலா, ஜமுனாராணி என்று நாலு பேர் சேர்ந்து பாடிய பாட்டாச்சே! அரை மணி நேரம் காரசாரமாக விவாதம் நடந்து, கடைசியில் ‘பாதிக் காபி’ என்று தீர்ப்பானது.

வருகிறவர்களில் யாருக்கும் பெரிய சங்கீத ஞானம் கிடையாது. அதுதான் பி.பி.எஸ். செய்த சதி! டி.எம்.எஸ். பாட்டைத் தொடவே அடிவயிற்றில் ஒரு பலம் வேண்டும். சீர்காழி பாட்டு என்றால் நாலு வீடு தள்ளி இருப்பவரின் அனுமதியும் வேண்டும். பி.பி.எஸ். பாட்டு அப்படியா? ஷேவ் பண்ணிக்கொண்டே முணுமுணுக்கலாம், சைக்கிள் மிதித்துக்கொண்டே முணுமுணுக்கலாம். ‘இதென்ன பிரமாதம், நானே பாடிடுவேனே’ என்று தோன்றும். பாடிப் பார்த்தால்தான் தெரியும்... அவர் சுலபமாக இறங்குகிற கீழ் ஸ்தாயியில் நம் குரல் வெறும் காற்றாகிவிடும்.

"அவர் பாடினாத்தான் சார் அது பாட்டு. நாம பாடினா ஆஸ்துமா!" என்று ஒரு தடவை சொன்னார் ரிட்டயர்டு ஹெட்கிளார்க் ஒருவர். வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே வருவார். ஆனால் வராமல் இருக்க மாட்டார்.

‘அப்படி என்ன சார் பிடிப்பு?’ என்று கேட்டதும் ஆளே மாறிப் போனார்.

"1963-ம் வருஷம். திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒரே ரூம்ல ஆறு பேர். எழுதின பரீட்சை எல்லாம் ஊத்திக்கிச்சு. போன இன்டர்வியூ எல்லாம் ‘சொல்லி அனுப்பறோம்’. மெஸ்ல ரெண்டு மாச பாக்கி. இனிமே முடியாதுன்னு ஊருக்குக் கிளம்பறதா முடிவு பண்ணி, டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிட்டேன். கடைசியா ஒரு டீ குடிக்கலாம்னு கீழே இறங்கினேன். டீக்கடை ரேடியோவில ‘சுமைதாங்கி’ பாட்டு போட்டான். ‘மயக்கமா’ பாட்டு. டீ ஆறிப் போச்சு. நான் நின்னுட்டே இருந்தேன்."

சற்று நிறுத்தினார்.

"உடனே வேலை கிடைச்சுதுன்னு எழுதிடாதீங்க. அப்புறமும் எட்டு மாசம் ஆச்சு. ஆனா அந்த எட்டு மாசத்தை அந்தப் பாட்டு தாங்கிச்சு சார். படத்தோட பேரே ‘சுமைதாங்கி’தானே!"

இவர் கதைக்கு அண்ணன் கதை ஒன்று உண்டு. அது ஊரறிந்தது. சினிமாவில் பாட்டெழுத சான்ஸ் தேடி அலைந்து அலைந்து, ‘போதும் இந்த மெட்ராஸ்’ என்று மூட்டை கட்டிய ஓர் இளைஞரைப் பார்க்க நண்பர் பி.பி.எஸ். போனார். தான் புதிதாகப் பாடியிருந்த பாட்டைப் பாடிக் காட்டினார். அதே பாட்டுதான். கண்ணதாசன் எழுதியது, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. கேட்ட இளைஞர் ஊருக்குப் போகிற எண்ணத்தையே விட்டார். அவர் கவிஞர் வாலி! இதை வாலியே எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1963-ல் ‘கற்பகம்’ வந்தது, வாலி நிலைத்தார். கண்ணதாசனுக்கு அடுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தவரை ஊருக்குப் போகவிடாமல் தடுத்ததே கண்ணதாசன் பாட்டுதான். என்ன வேடிக்கை பாருங்கள்!

கவிஞரின் வரிகள் பெரியவைதான். ஆனால் அதே வரிகளை ஒருவர் உரக்கப் பாடியிருந்தால் அது உபதேசம் ஆகியிருக்கும். தழுதழுத்துப் பாடியிருந்தால் ஒப்பாரி ஆகியிருக்கும். பி.பி.எஸ். இரண்டும் செய்யவில்லை. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு ஒரு நண்பன் பேசுகிற மாதிரி பாடினார். ‘எனக்கும் இது தெரியும்ப்பா’ என்கிற மாதிரி.

நிஜமாகவே தெரியுமா? தெரியும்!

காக்கிநாடாவில் 1930-ல் பிறந்தவர். பிரதிவாதி பயங்கரம் ஸ்ரீநிவாஸ் என்பதுதான் முழுப் பெயர். (இவ்வளவு சாதுவான குரலுக்கு இப்படியொரு பயங்கரமான பெயர் என்று எங்கள் மாடியில் வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் ஜோக் அடிப்பார். வருஷா வருஷம் நாங்களும் சிரிப்போம்!) பி.காம். படித்த பையன், பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்பாவுக்குக் கவலை. ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டினார்கள். ‘இந்தப் பையனுக்குப் பாட்டுத் துறையில் எதிர்காலம் இல்லை’ என்று அடித்துச் சொல்லிவிட்டார் ஜோசியர்.

பையன் அசரவில்லை. வீணை மேதை ஈமனி சங்கர சாஸ்திரி மூலம் ஜெமினி ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, 1952-ல் ‘மிஸ்டர் சம்பத்’ இந்திப் படத்தில் கொஞ்சம் பாடினார். அடுத்த வருஷமே தமிழில் சான்ஸ் வந்தது. அந்தப் படத்தின் பெயர் என்ன தெரியுமோ? ‘ஜாதகம்’!

அந்த ஜோசியர் அதற்கப்புறம் யாருக்கும் பாட்டு விஷயமாகப் பலன் சொல்லியிருக்க மாட்டார்!

*

சுண்டல் கொண்டுவருவது எப்போதும் ஒரு மாமிதான். அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. ‘பாட மாட்டேன், கேட்க மட்டும்தான் வருவேன்’ என்று முதல் வருஷமே சொல்லிவிட்டவர். ஒரு நாள் யாரோ ‘அடுத்த வீட்டுப் பெண்’ படப் பாட்டை எடுத்ததும், மாமி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை.

1960-ல் வந்த படம். அடுத்த வீட்டு அஞ்சலிதேவி மனசைக் கவர, பாடவே தெரியாத டி.ஆர்.ராமச்சந்திரன் ஜன்னலில் நின்று வாயை மட்டும் அசைப்பார். மறைந்திருந்து பாடுகிறவர் தங்கவேலு. தமிழில் பி.பி.எஸ்ஸை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த பாட்டு அந்தப் படத்தில்தான்.

"எங்காத்து மனுஷர் அப்போ அடுத்த ஆத்துல குடியிருந்தார்" என்றார் மாமி. "சாயங்காலம் நான் மாடியில துணி எடுக்கப் போனா போதும், ரேடியோ சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டு, ஜன்னலண்டை நின்னு வாயை அசைப்பார். தானே பாடறாப்பல! சினிமாவுல தங்கவேலு பார்த்த வேலையை எங்க தெருவுல மர்ஃபி ரேடியோ பார்த்துது. ஒரு நா நடுவுல கரன்ட் போயிடுத்து. பாட்டு நின்னுடுத்து. இவர் வாய் மட்டும் அசைஞ்சுண்டே இருக்கு..."

மாடியே அதிர்ந்தது.

"கல்யாணத்துக்கப்புறம் நிஜமாவே பாடுவாரா மாமி?" என்று கேட்டேன்.

"கேக்காதேங்கோ! ஸ்ருதியா, தாளமா, ஒண்ணும் கிடையாது. ஆனா அம்பது வருஷம் தினம் பாடினார். ‘வாழ்க்கைப் படகு’, ‘ராமு’, ‘போலீஸ்காரன் மகள்’... ஒண்ணு விடலை. ‘கொஞ்சம் நிறுத்தப்படாதா’ன்னு தினம் கத்துவேன். இப்போ..."

மாமி சுண்டல் தூக்கைத் திறந்து எல்லாருக்கும் பரிமாற ஆரம்பித்தார். எங்களில் யாரும் எதுவும் பேசவில்லை. ஆர்மோனியக்காரர்தான் மெதுவாக அதே பாட்டை மறுபடி ஆரம்பித்தார்.

ஜெமினி கணேசனுக்கு அந்தக் குரல் அப்படிப் பொருந்திப் போனதில் ஆச்சரியம் இல்லை. ‘பாவ மன்னிப்பு’, ‘சுமைதாங்கி’, ‘ராமு’ என்று பாட்டுகளைக் கேட்டால் இரண்டு பேருக்கும் ஒரே தொண்டையோ என்று தோன்றும். ஆனால் அவரை ‘ஜெமினி பாடகர்’ என்று மட்டும் சொன்னால் எங்கள் மாடியில் அடி விழும். ‘வீரத்திருமகன்’ ஆனந்தனுக்கு ரோஜா மலரைப் பாடியது யார்? ‘காதலிக்க நேரமில்லை’யில் ரவிச்சந்திரனுக்குப் பாடியது யார்? ‘படித்தால் மட்டும் போதுமா’வில் சிவாஜிக்கு டி.எம்.எஸ். பாட, பாலாஜிக்குச் சரிக்குச் சமமாகப் பாடியது யார்? "1962-ல ‘பாசம்’ படத்துல எம்.ஜி.ஆருக்கே பாடியிருக்காரு சார்!" என்று இந்த இடத்தில் கட்டாயம் ஒரு குரல் எழும்பும்.

*

பெங்களூரிலிருந்து வந்து சென்னையிலேயே தங்கிவிட்ட ஒருவரும் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர் வந்தால் சண்டை நிச்சயம். "நீங்க என்ன சார், அவர் உங்க ஆள்னு சொல்றீங்க? அவர் எங்க ஆள்!" என்பார்.

அவர் சொல்வதும் வாஸ்தவம்தான். கன்னடத்தில் டாக்டர் ராஜ்குமார் என்றால் குரல் பி.பி.எஸ். ஏறக்குறைய இருபது வருஷம். அங்கே சின்னப் பிள்ளைகள் ராஜ்குமாரே பாடுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். 1971-ல் ‘கஸ்தூரி நிவாசா’ என்று ஒரு படம். நம் சிவாஜி ‘அவன்தான் மனிதன்’ என்று நடித்தாரே, அதன் மூலம். அதில் தள்ளத் தள்ள எழுந்து நிற்கிற பொம்மையைப் பற்றி ஒரு பாட்டு. நம்ம ஊர்த் தஞ்சாவூர் பொம்மை மாதிரி. பி.பி.எஸ். பாடியது. அதைப் பாடும்போது பெங்களூர்க்காரர் கண்ணை மூடிக்கொள்வார். பாஷை புரியாத மாமிகூடத் தலையாட்டுவார்.

1974-ல் ‘சம்பத்திகெ சவால்’ படத்தில் ராஜ்குமாரே ஒரு பாட்டைச் சொந்தக் குரலில் பாடினார். பாட்டு பிரமாத ஹிட். அதற்கப்புறம் தன் பாட்டுகளைப் பெரும்பாலும் தானே பாட ஆரம்பித்தார். இங்கே தமிழிலும் எஸ்.பி.பி., ஜேசுதாஸ் என்று புதுக் குரல்களின் காலம் வந்துவிட்டது. இருபது வருஷ ராஜபாட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி ஒற்றையடிப் பாதையாகிப் போனது.

வேறு ஒருவராக இருந்தால் இடிந்து போய் வீட்டுக்குள் முடங்கியிருப்பார். அல்லது மேடைக்கு மேடை குறை சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

பி.பி.எஸ். என்ன செய்தார்? டிரைவ்-இன் உட்லண்ட்ஸுக்குப் போனார்!

சென்னைக்காரர்களுக்கு அந்த இடத்தைச் சொல்லவே வேண்டாம். கதீட்ரல் ரோட்டில், மரநிழலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், கார் கதவிலேயே தட்டை மாட்டி டிபன் பரிமாறுவார்கள். 1962-ல் திறந்தார்கள். கார் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே மேஜை நாற்காலி. அங்கேதான் ஒரு மேஜையில் அவர் உட்கார்ந்திருப்பார். தலையில் ஜரிகைத் தொப்பி. சட்டைப் பையில் வரிசையாகப் பேனாக்கள்... சிவப்பு, பச்சை, நீலம் என்று கலர் கலராக. எதிரே ஒரு காபி, ஒரு நோட்டு. எழுதிக்கொண்டே இருப்பார்.

தெலுங்கு, தமிழ், கன்னடம், மலையாளம், இந்தி, உருது, சம்ஸ்கிருதம், இங்கிலீஷ் என்று எட்டு பாஷையில் கவிதை எழுதுகிறவர். கஜல் எழுதுவார். எட்டு பாஷைக் கவிதைகளையும் சேர்த்து ‘பிரணவம்’ என்று புத்தகமே போட்டார். 1969-ல் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது சும்மா இருப்பாரா? இங்கிலீஷில் ஒரு பாட்டெழுதி, எஸ்.ஜானகியுடன் சேர்ந்து பாடி இசைத்தட்டாகவே கொண்டுவந்தார். நிலாவைப் பற்றி அவ்வளவு பாடியவர், நிலாவுக்குப் போனவரைப் பாராட்ட வேண்டாமா?

அந்த மேஜைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். செக்ரட்டரி கிடையாது, அப்பாயின்ட்மென்ட் கிடையாது. காலேஜ் பையன்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், வெளியூர்க்காரர்கள் என்று ரசிகர்கள் அவரைத் தேடிப் போனதெல்லாம் அங்கேதான்.

நானும் நாலைந்து தடவை போனேன். மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்தேன். ‘எழுதிக்கொண்டிருக்கிறாரே, தொந்தரவு பண்ணலாமா... அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒவ்வொரு தடவையும் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். 2008-ல் டிரைவ்-இன்னை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. இப்போதும் அந்தப் பக்கம் போனால், எந்த மரத்துக்குப் பக்கத்தில் அவர் மேஜை இருந்திருக்கும் என்று கண் தேடும். ‘அடுத்த தடவை’ என்று தள்ளிப்போடுகிற வியாதி உள்ளவர்கள் தயவுசெய்து என்னைப் பார்த்துத் திருந்துங்கள்!

*

எங்கள் கூட்டத்தில் ஐம்பது வயசு ஆட்டோ டிரைவர் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் ‘தம்பி’. பழைய பாட்டெல்லாம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அவருக்கு பி.பி.எஸ். என்றால் ஒரே படம்தான்: ‘ஊமை விழிகள்’.

"டென்த்துல ஃபெயிலு சார். அப்பா பெல்ட்டைக் கழட்டிட்டாரு. வீட்டை விட்டு ஓடிப்போயி பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடந்தேன். பக்கத்துல கேசட் கடை. ‘தோல்வி நிலை’ பாட்டு ஓடுது. ஒரு தடவ இல்ல, பத்து தடவ போட்டான். காலைல எந்திரிச்சி வீட்டுக்குப் போயிட்டேன். பாடுனது யாருன்னே அப்ப தெரியாது சார். ஏதோ புதுப் பையன்னு நெனச்சேன்."

புதுப் பையனா! 1986-ல் அவருக்கு ஐம்பத்தாறு வயசு. ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன் எழுதிய பாட்டு, மனோஜ்-கியான் இசை. ‘பி.பி.எஸ். காலம் முடிந்துவிட்டது’ என்று ஊரே முடிவு கட்டிய பிறகு அந்தப் பையன்கள் அவரைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். தோல்வியைப் பற்றிப் பாட வேண்டுமானால் அதைச் சிரித்த முகத்தோடு கடந்து வந்தவர்தான் பாட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

1963-ல் ஒரு ஹெட்கிளார்க்கை நிற்க வைத்த அதே குரல்தான் 1986-க்கு அப்புறம் ஓர் ஆட்டோ டிரைவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. நடுவில் இருபத்து மூன்று வருஷத்துக்கு மேல். சினிமாவே தலைகீழாக மாறிவிட்டது. குரல் செய்கிற வேலை மட்டும் மாறவில்லை.

2013 எங்களுக்கெல்லாம் பொல்லாத வருஷம். ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்றைக்கு பி.பி.எஸ். போய்விட்டார். மூன்றே நாளில் டி.கே.ராமமூர்த்தி. மே 25-ல் டி.எம்.எஸ். ஜூலை 18-ல் வாலி. அந்த வருஷம் செப்டம்பரில் மாடியில் யாருக்கும் பாட வரவில்லை. ‘டி.எம்.எஸ். பாட்டுக்கு அபராதம்’ என்ற சட்டத்தை அந்த ஒரு நாள் மட்டும் தளர்த்தினோம். மாமிதான் முதல் தடவையாக வாயைத் திறந்து ‘சுமைதாங்கி’ பாட்டைப் பாடினார். ஸ்ருதி சேரவில்லை. யாருக்கும் அது தெரியவும் இல்லை.

இந்தத் தடவை மாடியில் ஒரு புது முகம். வீட்டுக்காரரின் பேரன். ஏதோ பெரிய என்ட்ரன்ஸ் பரீட்சை. இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லையாம். தண்ணீர்த் தொட்டி ஓரம் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் அவனிடம் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை. ஹெட்கிளார்க் தன் பாட்டைப் பாடினார். ஆட்டோ தம்பி தன் பாட்டைப் பாடினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக!

கொஞ்ச நேரம் கழித்துப் பையன் எழுந்து வந்தான். மாமி பக்கத்தில் உட்கார்ந்தான். சுண்டல் சாப்பிட்டான். செல்போனில் எதையோ தேடிவிட்டு, "தாத்தா, இதுகூட உங்க ஆள் பாட்டுதானே? சூப்பரா இருக்கு" என்று ஒரு பாட்டைப் போட்டான்.

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அது டி.எம்.எஸ். பாட்டு!

"ஆமாண்டா கண்ணா, எங்க ஆளேதான்" என்றார் ஹெட்கிளார்க். அப்புறம் மெதுவாக எழுந்து, மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, கீழே போய் எல்லாருக்கும் காபி சொல்லிவிட்டு வந்தார்.